மைக்ரோகன்ட்ரோலருக்கு நிரல்மொழி தேர்ந்தெடுத்தல்: வரிசைப்படி ஒரு முழுமையான வழிகாட்டி

மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி) கொண்டு வீட்டிலோ தோட்டத்திலோ பட்டறையிலோ ஒரு சிறு கருவி செய்ய விரும்புகிறவர் முதலில் கேட்பது, எந்த நிரல்மொழியைக் கற்க வேண்டும் என்பதைத்தான். வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரத்தில் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கும் மாணவர்களுக்கும் உதவி வருகையில் நான் கவனித்த வரை, அவர்கள் படும் இடர்களில் பெரும்பகுதி மொழி கடினமாக இருப்பதால் வருவதில்லை. மொழியை முதலில் முடிவு செய்துவிட்டு வேலையைக் கடைசியில் நினைப்பதால் வருகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் மொழி ஆறாவது படியில்தான் வருகிறது. முதல் ஐந்து படிகளையும் தாண்டிக் குதிக்காமல் வந்தால், ஆறாவது படியில் தேர்ந்தெடுக்க அதிகம் மிஞ்சியிருக்காது.

எடுத்துக்காட்டுக்கு மூன்று வேலைகளை உடன் கொண்டுசெல்வோம். ஒன்று, மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்தை அளந்து மோட்டாரை நிறுத்துவது. இரண்டு, குடியாத்தத்தில் கைலி நெய்யும் ஒரு தறியில் ஊடைகளை, அதாவது குறுக்கே ஓடும் இழைகளை, எண்ணுவது. மூன்று, இலவம்பாடிப் பக்கம் ஒரு முள்ளு கத்தரித் தோட்டத்தில் மண்ணின் ஈரத்தை அளந்து, பேட்டரியில் ஓடியபடியே வைஃபை வழியாகச் சொல்வது.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு கணினி, ஒரு மல்டிமீட்டர், ஒரு பிரெட்போர்டு, சில இணைப்புக் கம்பிகள், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும். போர்டு கையில் இல்லாதவர் நான்காம் படி முடியும் வரை வாங்க வேண்டாம். உள்ளூர்க் கடையில் எது இருக்கிறதோ அதை வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்ப வேலையை வளைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. யூனோ, நானோ, நோட்எம்சியு ஆகிய மூன்று போர்டுகளும் எளிதில் கிடைக்கும். மற்றவற்றுக்கு இணையத்தில் பதிவு செய்யலாம், அல்லது காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வரலாம்.

போர்டு கையில் இருந்தால் இப்போதே, இல்லாவிட்டால் அது வந்ததும், யுஎஸ்பி கேபிளை முதலில் சோதியுங்கள். கைப்பேசியோடு வரும் கேபிள்களில் சில, மின்னேற்றத்துக்கு மட்டுமே உரியவை. தரவு செல்லும் இரண்டு கம்பிகள் அவற்றில் இருப்பதில்லை. போர்டில் விளக்கு எரியும், ஆனால் கணினி அதை அறியாது. புதியவர்கள் இந்த இடத்தில் மொழியையும் மென்பொருளையும் மாற்றி மாற்றி நிறுவி நாளை வீணாக்குகிறார்கள்.

கேபிள் சரியென்று தெரிந்த பிறகு, கணினியின் பட்டியலில் ஒரு புதிய சீரியல் போர்ட் தோன்றுகிறதா என்று பாருங்கள். விலை குறைந்த நானோவிலும் நோட்எம்சியுவிலும் பெரும்பாலும் சிஎச்340 என்னும் யுஎஸ்பி சில்லு இருக்கும். சில கணினிகளில் அதற்கான டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். போர்ட் தோன்றாத வரை எந்த மொழியும் வேலை செய்யாது என்பதால், இதை முடிக்காமல் நிரல் எழுதத் தொடங்காதீர்கள்.

2. வேலையை ஒரு தாளில் எழுதுங்கள்

நான்கு வரிகள் போதும்: எதை அளக்கிறோம், எதை இயக்குகிறோம், தவறினால் என்ன ஆகும், பின்னர் யார் பழுது பார்ப்பார்கள்.

முதல் இரண்டையும் எல்லோரும் எழுதுகிறார்கள். மொழியைத் தீர்மானிப்பவையோ பின்னிரண்டும். தொட்டி வேலை தவறினால் மோட்டார் நிற்காமல் ஓடித் தண்ணீர் வழியும், அல்லது ஆழ்துளைக் கிணற்றில் நீர் இறங்கிய பின்னும் ஓடி மோட்டார் புகையும். தறி வேலை தவறினால் அன்றைய கணக்கு தவறும், கூலியில் சண்டை வரும். ஈரம் அளக்கும் வேலை தவறினால் ஒரு நாள் அளவு கிடைக்காது, அவ்வளவே. மூன்றுக்கும் ஒரே அளவு எச்சரிக்கை தேவையில்லை.

பழுது பார்ப்பவர் யார் என்ற கேள்வியைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். கருவி தறிக்கூடத்தில் இருக்கும், செய்தவர் வேலைக்காகப் பெங்களூருக்குப் போயிருப்பார். அப்போது அங்கே இருக்கும் தம்பி பள்ளியில் பைத்தான் படித்தவராக இருந்தால், பைத்தானில் எழுதிய நிரலைப் போர்டிலேயே திறந்து படித்துத் திருத்த முடியும். சி++ நிரல் கம்பைல் ஆகி, அதாவது கணினியில் மொழிமாற்றப்பட்டு, இயந்திரக் குறியாகத்தான் போர்டில் இருக்கிறது; மூல நிரல் தொலைந்தால் திரும்ப எடுக்க வழியில்லை.

3. நேரக் கணக்கைப் பாருங்கள்

"பைத்தான் மெதுவானது" என்று கேள்விப்பட்டதை வைத்துப் பலர் முடிவெடுக்கிறார்கள். மெதுவானது என்பது உண்மை. உங்கள் வேலைக்கு அது பொருட்டா என்பது வேறு கேள்வி. கணக்குப் போட்டால் விடை தெரியும்.

விசைத்தறி ஒன்று நிமிடத்துக்கு 150 ஊடை போடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஊடைகளுக்கு இடையே 400 மில்லிநொடி இருக்கிறது. பைத்தான் ஒரு வரியை இயக்க எடுத்துக்கொள்வது மைக்ரோநொடிக் கணக்கு. இடையிடையே பயன்படாத நினைவகத்தைக் கூட்டிப் பெருக்க நின்றாலும் சில மில்லிநொடிகளில் மீண்டுவிடும். எனவே தறிக்கு எந்த மொழியும் போதும். அங்கே உண்மையான சிக்கல், காந்தச் சுவிட்ச் மூடும்போது சில மில்லிநொடிகள் துள்ளி, ஒரே ஊடையை இரண்டு மூன்றாக எண்ண வைப்பதுதான். இதற்கு மருந்து வேகமான மொழியில் இல்லை. ஒரு முறை எண்ணிய பின் 50 மில்லிநொடிக்கு அடுத்ததை ஏற்காமல் இருப்பதில் இருக்கிறது.

இரண்டு வகை நேரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அளக்கிறோம் என்பது ஒன்று, ஒரு முறை அளக்கும்போது எவ்வளவு நுணுக்கமாக நேரம் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. தொட்டியை ஐந்து நொடிக்கு ஒருமுறை அளந்தால் போதும். ஆனால் மீயொலி சென்சாரில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒலி போய்த் திரும்ப ஏறக்குறைய 58 மைக்ரோநொடி ஆகும். அந்த நுணுக்கத்தில் அளந்தாக வேண்டும். பைத்தான் வரிகளால் அதை அளந்தால் பிழை வரும். மைக்ரோகன்ட்ரோலருக்கான பைத்தானாகிய மைக்ரோபைத்தானில் துடிப்பின் நீளத்தை அளக்க உள்ளேயே ஒரு செயற்கூறு இருக்கிறது. அது சி மொழியில் எழுதப்பட்டது என்பதால் சரியாகவே அளக்கும். நியோபிக்சல் வகை வண்ண விளக்குகளுக்கும், வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் டிஎச்டி சென்சார்களுக்கும் இதேபோல் உள்ளமைந்த கூறுகள் உண்டு.

அந்த 58 மைக்ரோநொடி என்பது 20 டிகிரி வெப்பத்துக்கு உரியது. அப்போது ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். 40 டிகிரியில் அது சுமார் 355 மீட்டர். வேலூரின் மே மாத வெயிலில், மூடிய தொட்டியின் மேற்பகுதியில் ஒரு மீட்டர் தூரத்தை அளந்தால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் குறைத்துக் காட்டும். தொட்டி உள்ளதைவிட நிறைந்திருப்பதாகத் தோன்றும். இதைப் பார்த்துவிட்டு மொழியை மாற்றியவர்களைக் கண்டிருக்கிறேன். எந்த மொழியிலும் இந்தப் பிழை இப்படியேதான் இருக்கும். வெப்பத்தையும் அளந்து திருத்திக்கொள்ள வேண்டும்.

ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை மாதிரி எடுப்பது, பல ஸ்டெப்பர் மோட்டார்களை ஒருசேர முடுக்கம் மாற்றி ஓட்டுவது போன்ற வேலைகள் உங்கள் தாளில் இருந்தால், இங்கேயே சி++ என்று எழுதிவிடுங்கள்.

4. போர்டைத் தீர்மானியுங்கள்; நினைவகத்தைக் கவனியுங்கள்

புதியவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. ஆர்டுயினோ யூனோவிலும் நானோவிலும் இருக்கும் ஏடிமெகா328பி சில்லில் நிரலுக்கு 32 கிலோபைட், ஓடும்போது பயன்படுத்தும் நினைவகம் 2 கிலோபைட். மைக்ரோபைத்தானுக்குக் குறைந்தது 256 கிலோபைட் நிரல் இடமும் 16 கிலோபைட் நினைவகமும் வேண்டும். ஆகவே யூனோவில் மைக்ரோபைத்தான் ஓடாது. எவ்வளவு முயன்றாலும் ஓடாது.

"யூனோவைப் பைத்தானில் இயக்கிக் காட்டினார்களே" என்று கேட்பவர் பார்த்தது ஃபர்மாட்டா முறையாக இருக்கும். அதில் பைத்தான் நிரல் கணினியில் ஓடுகிறது. யூனோ, கணினி சொல்வதை மட்டும் செய்கிறது. கேபிளைப் பிடுங்கினால் எல்லாம் நின்றுவிடும். கட்டம் கட்டமாக இழுத்து வைக்கும் சில காட்சிமொழிகளும் இப்படிப்பட்டவையே. வாங்கும் முன் கேளுங்கள்: கணினியைக் கழற்றிய பின் கருவி தானே ஓடுமா?

பைத்தானுக்கு ஏற்ற போர்டுகள் பிகோவும் ஈஎஸ்பி32-உம். ராஸ்பெரி பை பிகோவில் 264 கிலோபைட், ஈஎஸ்பி32-இல் 520 கிலோபைட் நினைவகம் இருக்கிறது. நோட்எம்சியுவில் உள்ள ஈஎஸ்பி8266-இல் மைக்ரோபைத்தான் ஓடும் என்றாலும், உங்கள் நிரலுக்கு மிஞ்சுவது சில பத்து கிலோபைட் மட்டுமே. பெரிய லைப்ரரி (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) ஒன்றை இறக்கினாலே நினைவகம் போதவில்லை என்று நிற்கும். வைஃபையும் பைத்தானும் சேர்ந்து வேண்டுமென்றால், சற்று அதிகம் கொடுத்தாவது ஈஎஸ்பி32 வாங்குவதே நல்லது.

யூனோவின் 2 கிலோபைட் எவ்வளவு விரைவில் தீரும் என்பதற்கு ஒரு கணக்கு. 128க்கு 64 புள்ளிகள் கொண்ட சிறு ஓஎல்இடி திரைக்கு, அடாஃப்ரூட் லைப்ரரி 1024 பைட் ஒதுக்குகிறது. எஸ்டி கார்டு லைப்ரரி 512 பைட் எடுத்துக்கொள்கிறது. மீதி ஐந்நூற்றுச் சொச்சத்தில்தான் உங்கள் நிரல் முழுவதும் வாழ வேண்டும். திரைக்கான இடம் நிரல் ஓடத் தொடங்கிய பிறகே ஒதுக்கப்படுவதால், கம்பைல் முடிந்ததும் ஆர்டுயினோ காட்டும் நினைவகக் கணக்கில் அது தெரியாது. "பாதிதான் ஆகியிருக்கிறது" என்று அது காட்டும். நிரலோ காரணமில்லாமல் நின்று நின்று தொடங்கும்.

தமிழில் எழுதிக் காட்ட விரும்புகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். "தொட்டி" என்ற சொல்லுக்கு 18 பைட். நீளத்தைக் கேட்டால் சி மொழி 18 என்றும், பைத்தான் 6 என்றும் சொல்லும். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் மூன்று. சிறு திரைகளுக்கான வழக்கமான லைப்ரரிகள் இரு மொழியிலும் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வரைந்து தருவதில்லை. தேவையான சொற்களைப் படமாக மாற்றி நிரலுக்குள் வைப்பதே நடைமுறை. தறிக்கூடத்தில் வேலை செய்கிறவருக்காகச் செய்யும் கருவி தமிழில்தான் பேச வேண்டும் என்பதால், இந்தக் கூடுதல் உழைப்பை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

மின்னழுத்தத்தையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்: யூனோ 5 வோல்ட், பிகோவும் ஈஎஸ்பி வகைகளும் 3.3 வோல்ட். எச்-சி-எஸ்ஆர்04 என்னும் மீயொலி சென்சாரின் எக்கோ கால் (இணைப்பு முனை) 5 வோல்ட் தரும். இரண்டு மின்தடைகளால் குறைக்காமல் பிகோவில் இணைக்கக் கூடாது.

5. சென்சாருக்கு லைப்ரரி உண்டா என்று பாருங்கள்

மொழிக்கு முன்னால் இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சென்சாரோடு பேசும் பகுதியை நீங்களே எழுத நேர்ந்தால், ஒரு வாரத்து வேலை ஒரு மாதமாகும். உங்கள் சென்சாருக்கு, உங்கள் போர்டில், நீங்கள் நினைக்கும் மொழியில் லைப்ரரி இருக்கிறதா என்று தேடி, அதனோடு வரும் எடுத்துக்காட்டை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஓட்டிப் பாருங்கள். ஓடாவிட்டால் அந்தச் சேர்க்கையை விட்டுவிடுங்கள். அரிய சென்சார்களுக்கு ஆர்டுயினோவில் லைப்ரரி கிடைக்கும் வாய்ப்பு இன்றும் அதிகம்.

சென்சாரின் எல்லையையும் பாருங்கள். டிஎச்டி11 சென்சார் 50 டிகிரி வரைதான் அளக்கும். தகரக் கூரையின் கீழ் வெயில் படும் மூடிய பெட்டிக்கு அது போதாமல் போகலாம். டிஎஸ்18பி20 சென்சார் 125 டிகிரி வரை அளக்கும். இரு மொழியிலும் அதற்கு நல்ல லைப்ரரி இருக்கிறது.

6. இப்போது மொழியைத் தேர்ந்தெடுங்கள்

போர்டு யூனோ அல்லது நானோ என்று முடிவாகியிருந்தால், மொழி ஆர்டுயினோவின் சி++. பெரும்பாலோருக்கு இங்கே விவாதமே இல்லை. நேரக் கணக்கில் சி++ என்று எழுதியவர்களுக்கும் அதுவே.

போர்டு பிகோ அல்லது ஈஎஸ்பி32 என்றால் இரு வழியும் திறந்திருக்கின்றன. முன்பு நிரல் எழுதிப் பழக்கமில்லாதவருக்கும், பள்ளி மாணவர்களுக்கும், அடிக்கடி மாற்றிப் பார்க்க வேண்டிய வேலைக்கும் மைக்ரோபைத்தானையே பரிந்துரைப்பேன். ஒரு வரியைத் தட்டினால் அந்த நொடியே விளக்கு எரிவதையும் சென்சாரின் அளவு வருவதையும் பார்க்கலாம்; கம்பைல் செய்து ஏற்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கற்பவருக்கு இந்த உடனடி விடையைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஒரு முறை செய்து பெட்டியில் மூடி ஆண்டுக்கணக்கில் தொடாமல் விடப் போகும் கருவிக்கு, சி++ தெரிந்தவர் அதிலேயே எழுதலாம்.

மைக்ரோபைத்தானில் முதல் நாளிலேயே வரும் தவறு ஒன்று உண்டு. தோன்னி செயலியில் நிரலை எழுதி, கணினியில் சேமித்து, ஓட்டிப் பார்த்து மகிழ்வார்கள். கேபிளைக் கழற்றி மின்சாரம் கொடுத்தால் எதுவும் நடக்காது. நிரல் போர்டில் சேமிக்கப்பட வேண்டும். அதன் பெயர் மெயின் டாட் பிஒய் என்றே இருக்க வேண்டும். மின்சாரம் வந்ததும் போர்டு தேடுவது அந்தப் பெயரைத்தான்.

சி++ பக்கம் அதற்கு இணையான தவறு, யூனோவில் ஒரு நிமிடம் காத்திருக்க 60 பெருக்கல் 1000 என்று எழுதுவது. அந்தச் சில்லில் சாதாரண முழு எண் 16 பிட். 32767-க்கு மேல் தாங்காது. 60000 என்பது சுழன்று கழித்தல் 5536 ஆகும். காத்திருக்கும் கட்டளை அதைக் குறியில்லாத பெரிய எண்ணாக எடுத்துக்கொண்டு 49 நாட்களுக்கு மேல் தூங்கும். இதே வரி ஈஎஸ்பி32-இல் ஒழுங்காக வேலை செய்யும், ஏனெனில் அங்கே முழு எண் 32 பிட். ஆர்டுயினோ அமைப்புகளில் கம்பைலர் எச்சரிக்கைகளை முழுமையாகத் திறந்து வைத்தால், இதை ஏற்றும் முன்பே சொல்லிவிடும். பைத்தானில் எண்ணுக்கு இத்தகைய எல்லை இல்லை.

மற்ற மொழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். சர்க்யூட்பைத்தான், மைக்ரோபைத்தானிலிருந்து பிரிந்தது. பிகோவில் ஒரு பென் டிரைவ் போலத் தோன்றும் இடத்தில் கோப்பைச் சேமித்தாலே நிரல் ஓடும் என்பதால் வகுப்பறைக்கு ஏற்றது, ஆனால் நாமே இன்டரப்ட் (ஒரு நிகழ்வு வந்ததும் நிரலை இடைமறித்து ஓடும் பகுதி) எழுத அதில் வழியில்லை. ரஸ்ட் மொழி நினைவகப் பிழைகளைக் கம்பைல் செய்யும்போதே பிடிக்கிறது. கணினியில் ஏற்கெனவே ரஸ்ட் எழுதுகிறவர் ஈஎஸ்பி32-இலோ பிகோவிலோ முயலலாம், முதல் மொழியாக வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு மைக்ரோபிட் போர்டும் மேக்கோடு கட்டங்களும் போதும். அந்த நிரல் போர்டிலேயே தங்கி ஓடும். அசெம்பிளி, டைனிகோ, லூவா ஆகியவற்றை விரும்பிக் கற்பவர் கற்கட்டும். ஒரு கருவியை முடித்து எடுப்பதற்கு அவை தேவைப்படுவது அரிது.

7. தவறு நேரும்போது அந்த மொழி என்ன செய்கிறது என்று பாருங்கள்

இரண்டு மொழிகளுக்கும் இடையே உள்ள மிகப் பெரிய வேறுபாடு இதுதான் என்பது என் கருத்து. வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

சென்சாரின் கம்பி கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோபைத்தானில் டிஎச்டி சென்சாரைப் படிக்கும் வரி பிழையை எழுப்பும். அதைப் பிடிக்கும் வரிகளை நீங்கள் எழுதாவிட்டால், நிரல் அங்கேயே முடிந்துவிடும். ஆர்டுயினோவில் அதே சென்சாரின் வழக்கமான லைப்ரரி "எண் அல்ல" என்னும் மதிப்பைத் திருப்பித் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அந்த மதிப்பை எந்த எண்ணோடு பெரிதா சிறிதா என்று ஒப்பிட்டாலும் விடை பொய் என்றே வரும். 40 டிகிரிக்கு மேல் மின்விசிறியைப் போடு என்ற கட்டளை எப்போதும் நிறைவேறாது, நிரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். டிஎஸ்18பி20 சென்சாருக்கான லைப்ரரி கழித்தல் 127 என்று தரும். அதைச் சோதிக்காமல் சராசரியில் சேர்த்தால் அன்றைய கணக்கு முழுவதும் கெடும்.

அதாவது, ஒரு மொழி உரக்கச் சொல்லி நின்றுவிடுகிறது. மற்றது சொல்லாமல் தொடர்கிறது. எது நல்லது என்பது இரண்டாம் படியில் எழுதிய மூன்றாவது வரியைப் பொறுத்தது.

தொட்டி மோட்டாரில் பைத்தான் நின்றுவிடுவதே ஆபத்து. நிரல் பிழையால் முடிந்தாலும், ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) இணைந்த காலின் நிலை மாறாது. ரிலே எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் இருக்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே முழு நிரலையும் பிழை பிடிக்கும் கட்டத்துக்குள் வைத்து, எப்படி முடிந்தாலும் ரிலேயை அணைக்கும் வரி இறுதியில் இயங்குமாறு எழுத வேண்டும். அதோடு வாட்ச்டாக் என்னும் காவல் கடிகாரத்தையும் இயக்க வேண்டும்: குறித்த நேரத்துக்குள் நிரல் அதைத் தொடாவிட்டால், அது போர்டை மறுபடி தொடங்க வைக்கும். வாட்ச்டாக்கைக் கடைசியில் சேருங்கள். நிரலைத் திருத்திக்கொண்டிருக்கும்போது அது இருந்தால் போர்டு ஓயாமல் மறுதொடக்கம் ஆகி, உள்ளே நுழையவே விடாது. ஆர்டுயினோவில் வாட்ச்டாக் பயன்படுத்துகிறவர், பழைய பூட்லோடர் (நிரலை ஏற்றும் தொடக்க நிரல்) கொண்ட நானோ போர்டு அதில் மாட்டிக்கொண்டு மீளாமல் சுழலும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

மின்சாரம் போய் வரும் நேரமும் கவனத்துக்குரியது. கடையில் கிடைக்கும் ரிலே போர்டுகளில் பல, கால் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது இயங்குபவை. யூனோவில் காலை வெளியீடாக அறிவித்த உடனே அது தாழ்ந்த நிலைக்குப் போவதால், ரிலே ஒரு கணம் தட்டும். உயர்நிலையை முதலில் எழுதிவிட்டு, பிறகு வெளியீடாக அறிவித்தால் இது நேராது. மைக்ரோபைத்தானில் காலை உருவாக்கும்போதே தொடக்க மதிப்பைக் கொடுக்கலாம். ஆனால் நிரல் தயாராகும் வரை காலை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள் என்பதால், வெளியே, காலை உயர்நிலையில் பிடித்துவைக்கும் ஒரு புல்அப் மின்தடையும் வையுங்கள். மோட்டாரின் மின்சாரத்தை இந்தச் சிறு ரிலே வழியாக நேரே விடக் கூடாது. ஸ்டார்ட்டரில் உள்ள கான்டாக்டரின் (பெரிய ரிலேயின்) காயிலை மட்டும் அது இயக்கட்டும், அந்த இணைப்பை மின்பணியாளர் செய்யட்டும்.

தறிக் கணக்கில் மின்வெட்டு வேறொரு சிக்கலைத் தருகிறது. எண்ணிக்கை அழியாமல் இருக்க, ஒவ்வோர் ஊடைக்கும் ஈஈபிராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) எழுதுகிறார்கள். ஏடிமெகா328பி சில்லின் ஈஈபிராம் ஓர் இடத்தில் ஏறக்குறைய 100000 முறை எழுதத் தாங்கும் என்று அதன் தயாரிப்பாளர் உறுதி தருகிறார். நிமிடத்துக்கு 150 ஊடை என்றால் அந்த எல்லை 11 மணி நேரத்தில் எட்டிவிடும். நூறு ஊடைக்கு ஒருமுறை, இடம் மாற்றி மாற்றி எழுதுங்கள். அல்லது மிகப் பல முறை எழுதத் தாங்கும் எஃப்ராம் நினைவகச் சில்லு ஒன்றைச் சேருங்கள். மைக்ரோபைத்தானில் கோப்பில் எழுதுவதும் ஃபிளாஷில் (நிரல் தங்கும் நினைவகத்தில்) எழுதுவதே என்பதால், அங்கும் இதே கட்டுப்பாடு வேண்டும்.

நீண்ட நாள் ஓடும் கருவியில் நேரம் சுழலும். ஆர்டுயினோவின் மில்லிநொடிக் கணக்கு 49.7 நாட்களில் பூச்சியத்துக்குத் திரும்பும். மைக்ரோபைத்தானில் பெரும்பாலான போர்டுகளில் அது சுமார் 12.4 நாட்களிலேயே திரும்பிவிடும். ஆர்டுயினோவில் குறியில்லாத நீள் எண்ணில் இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்து ஒப்பிடுங்கள். மைக்ரோபைத்தானில் வெறும் கழித்தல் போடாமல், இதற்கென்றே உள்ள வேறுபாட்டுச் செயற்கூறைப் பயன்படுத்துங்கள். மேசையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பவருக்கு இந்தப் பிழை தெரியாது. தொட்டியின் மேல் வைத்த பதின்மூன்றாம் நாள் தெரியும்.

8. பேட்டரியில் ஓடுவதானால்

தோட்டத்துக் கருவி அரை மணிக்கு ஒருமுறை விழித்து, அளந்து, வைஃபையில் சொல்லிவிட்டுத் தூங்க வேண்டும். வைஃபை இணைவதற்கான சில நொடிகள்தான் பேட்டரியைக் குடிக்கின்றன. பைத்தான் எழுந்து தயாராகும் நேரம் அதற்கு முன்னால் பெரிதல்ல. எனவே மொழியால் வரும் மிச்சம் குறைவு. ஆழ்தூக்கத்தில் ஈஎஸ்பி32 சில்லு 10 மைக்ரோஆம்பியர் அளவே எடுக்கும். போர்டில் இருக்கும் ரெகுலேட்டரும் விளக்கும் அதைப் பல மடங்காக்கிவிடும். போர்டைத்தான் மாற்ற வேண்டும்.

ஆழ்தூக்கத்திலிருந்து எழுந்தால், இரு மொழியிலும் நிரல் முதலிலிருந்தே தொடங்கும், மாறிகள் அழிந்திருக்கும். தொடர்ந்து வேண்டிய எண்ணை, தூக்கத்திலும் அழியாத ஆர்டிசி நினைவகத்தில் வையுங்கள். ஈஎஸ்பி8266-இல் ஜிபிஐஓ16 காலை ரீசெட் காலோடு இணைக்காவிட்டால், தூங்கியது எழாது.

9. முடிவு செய்யும் முன் ஒரு மாலை சோதியுங்கள்

இன்னும் இரண்டு மொழிக்கும் இடையே தயக்கம் இருந்தால், இரண்டிலும் ஒரே சிறு வேலையைச் செய்யுங்கள். ஒரு விளக்கு அரை நொடிக்கு ஒருமுறை சிமிட்ட வேண்டும். அதே நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் உடனே எண்ணிக்கை ஏற வேண்டும். இரண்டு நொடிக்கு ஒருமுறை சென்சாரைப் படிக்க வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று தடுக்கக் கூடாது.

வெறும் சிமிட்டலோடு நிறுத்திவிட்டால் எந்த மொழியும் எளிதாகத்தான் தோன்றும். மூன்றையும் சேர்க்கும்போது, காத்திருக்கும் கட்டளையை வைத்து எழுதியவருக்குப் பொத்தான் வேலை செய்யாது. நேரத்தைப் பார்த்துப் பார்த்து வேலையைப் பிரிக்கும் முறைக்கு வர வேண்டியிருக்கும். அந்த மாற்றத்தை எந்த மொழியில் நீங்கள் தெளிவாக எழுதுகிறீர்களோ, அது உங்களுக்கு ஏற்றது.

பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே சென்சாரின் கம்பியைப் பிடுங்குங்கள். அரை நிமிடம் கழித்துத் திரும்பச் செருகுங்கள். மின்சாரத்தை நிறுத்திப் போடுங்கள். கருவி தானே மீண்டுவந்தால் பெட்டியில் வைக்கலாம். வராவிட்டால் ஏழாம் படிக்குத் திரும்புங்கள்.

10. மொழியை எப்போது மாற்றலாம்

வேலையின் நடுவே மாற்றுவதற்கு ஏற்ற காரணங்கள் மிகச் சிலவே: நினைவகம் போதாமை, அளந்து பார்த்து உறுதி செய்த நேரப் பற்றாக்குறை, தேவையான லைப்ரரி இல்லாமை. நினைவகம் போதாமைக்குப் பெரும்பாலும் போர்டை மாற்றுவதே மலிவான தீர்வு. நேரப் பற்றாக்குறை என்று தோன்றினால், எந்தப் பகுதி நேரத்தை எடுக்கிறது என்று மில்லிநொடிக் கணக்கை அச்சிட்டுப் பாருங்கள். பல சமயம் அது சென்சாரே விடை தர எடுக்கும் நேரமாக இருக்கும். டிஎஸ்18பி20 முழு நுணுக்கத்தில் ஒருமுறை அளக்க 750 மில்லிநொடி எடுக்கும். எந்த மொழியும் அதைக் குறைக்க முடியாது.

மைக்ரோபைத்தானிலிருந்து சி++-க்கு மாறுகிறவர், நிரலை வரிக்கு வரி பெயர்க்காமல், இரண்டாம் படியின் தாளிலிருந்து மறுபடி தொடங்குவது நல்லது. பைத்தானில் பட்டியலும் அகராதியும் இயல்பாகக் கையாண்ட இடங்கள், 2 கிலோபைட்டில் நிலையான அளவுள்ள அணிகளாக மாற வேண்டியிருக்கும். எந்த மொழியில் முடித்தாலும், நிரலோடு போர்டின் பெயர், மைக்ரோபைத்தான் அல்லது ஆர்டுயினோ பதிப்பு எண், ஒவ்வொரு லைப்ரரியின் பதிப்பு எண், எந்தக் காலில் எந்தக் கம்பி என்ற அட்டவணை ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். ஒரு பிரதியை அச்சிட்டுக் கருவியின் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். அடுத்துத் திறப்பவருக்கு அந்தத் தாள்தான் முதலில் வேண்டியிருக்கும்.